'போன் இருக்கா?' என்று கேட்டீர்கள், 'ஓம்' என்றோம்

இலங்கையின் டிஜிட்டல் கணக்கெடுப்புகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும், அந்தக் கணக்கை வைத்து முடிவெடுக்கும் அமைச்சு, மாகாண, மாவட்ட நிர்வாகத்தினருக்கும்,

மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலிருந்து கிறவல் பாதையில் ஒன்பது கிலோமீட்டர் உள்ளே வந்தால் இருக்கும் ஒரு குளத்தடிக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கிராமத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு ஊருக்கு மட்டும் ஏதாவது செய்துவிட்டு விஷயத்தை முடித்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. துணுக்காயிலும் நெடுங்கேணியிலும் மடுப் பக்கத்திலும் இதே நிலையில் ஊர்கள் இருக்கின்றன.

போன மாதம், நாங்கள் வழக்கமாகப் போகும் ஓர் அலுவலகத்தில் கடதாசிப் படிவம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இனி இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டதற்கு, "உங்கட பக்கம் அநேகமா எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் போன் இருக்கெண்டு கணக்கில இருக்குதே" என்றார் மேசையில் இருந்தவர். அவர் பொய் சொல்லவில்லை. கணக்கில் அப்படித்தான் இருக்கும். அந்தக் கணக்கு எடுக்கப்பட்ட அன்று நான் பக்கத்தில் நின்றேன். அன்று கண்டதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கணக்கெடுக்க வந்த பிள்ளை நல்ல பிள்ளை. கொளுத்தும் வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்து, டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்றே கேள்விகளைக் கேட்டார். அது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. அம்மம்மா, மகள், மூன்று பேரப்பிள்ளைகள். மருமகன் கொழும்பில் கட்டட வேலை. "அம்மா, வீட்டில ஸ்மார்ட் போன் இருக்கா?" "ஓம் தம்பி, இருக்கு." "இன்டர்நெட் பாவிக்கிறனீங்களா?" "பிள்ளையள் பாக்குறவை." அவ்வளவுதான். இரண்டு இடத்தில் 'ஆம்' விழுந்தது. அடுத்த கேள்வி தண்ணீர் வசதி பற்றி.

அந்தப் போன் அப்போது கணக்கெடுக்க வந்த பிள்ளையின் தலைக்கு மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. முன்விறாந்தைக் கூரை வளையில் ஒரு கம்பி, கம்பியில் ஒரு சொப்பின் பை, பைக்குள் போன். வீட்டில் சிக்னல் பிடிப்பது அந்த ஓரிடத்தில் மட்டும்தான். கையில் எடுத்தால் போய்விடும். மருமகன் கொழும்பிலிருந்து எடுத்தால், கதிரையில் ஏறி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கீழே நின்று அண்ணாந்து கத்திக் கதைப்பார்கள். அம்மம்மா அந்த இடத்துக்கு நேர் கீழேதான் பாய் போட்டுப் படுப்பார், இரவில் அழைப்பு வந்தால் கேட்க வேண்டும் என்பதற்காக. கேள்விக்கொத்தில் இதை எழுத ஒரு கோடுகூட இல்லை. பையன் மேலே பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தாலும் எங்கே எழுதுவார்?

கேள்விகள் முடிந்ததும் அவர் என்னிடம் கேட்டார்: "அண்ணை, இதை அனுப்ப வேணும், எங்க கவரேஜ் வரும்?" குளக்கட்டைக் காட்டினேன். அங்கே ஏறி நின்றுதான் எங்கள் கிராமத்தின் பதில்களை அனுப்பிவிட்டுப் போனார். இணைய வசதி உண்டு என்று நாங்கள் சொன்னதாகப் பதிவான தரவே இங்கிருந்து போக அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. அவர் அந்தச் சிரமத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அதைப் பதிந்துகொள்ளும் ஏற்பாடு உங்கள் கணக்கெடுப்பில் இருந்திருக்க வேண்டும்.

இதே வீட்டின் மூத்த பேத்தி உயர்தரம் சித்தியடைந்தவள். மேலே படிக்க ஓர் இணைய விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. காலை பஸ்ஸில் டவுனுக்குப் போய் கொம்யூனிகேசன் கடையில் உட்கார்ந்து எல்லாம் நிரப்பியாயிற்று. கடைசியில் ஓ.டி.பி கேட்டது. பதிவு செய்த இலக்கம் அந்த வளையில் தொங்கும் போனுடையது. கடைக்காரரின் போனை வாங்கி வீட்டுக்கு எடுத்தாள். அம்மம்மா கதிரையில் ஏறி, "வந்திருக்கு பிள்ளை, இரு, பாத்துச் சொல்றன்" என்று போனைப் பையிலிருந்து இறக்கினார். இறக்கியவுடன் அழைப்பு அறுந்தது. இலக்கத்தை ஒரு கடதாசியில் எழுதி, திரும்பத் தொங்கவிட்டு, பேத்தி திரும்ப எடுத்து, அம்மம்மா ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மூன்று தரம் இப்படி. பிறகு அந்த இணையப் பக்கம் அன்றைக்கு இனி முயல முடியாது என்று பூட்டிக்கொண்டது.

போனைக் கையோடு கொண்டுபோயிருக்கலாமே என்பீர்கள். ஓ.டி.பி வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் கொண்டுபோனாள், விண்ணப்பம் போனது. அதற்கு இரண்டு நாள் பஸ் காசு, இரண்டு நாள் கடைக்காசு, தாயின் ஒரு நாள் கூலி. முடிவுநாளுக்கு ஒரு நாள் இருந்ததால் தப்பினாள். உங்கள் அட்டவணையில் இவள் 'டிஜிட்டல் எழுத்தறிவு உள்ளவர்', இவள் வீடு 'இணைய வசதி உள்ள வீடு'. இரண்டும் பொய்யில்லை, ஆனால் அந்த இரண்டு நாட்களும் எந்த நிரலிலும் இல்லை.

இது கணக்கெடுக்க வருகிறவரின் தவறில்லை. எதை எண்ண வேண்டும் என்று மேலே வகுத்துவைத்த வரையறையில்தான் சிக்கல். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வரைவிலக்கணப்படி, 5 முதல் 69 வயதுக்குட்பட்ட ஒருவர் கணினியையோ மடிக்கணினியையோ டேப்லெட்டையோ ஸ்மார்ட் போனையோ தானாகப் பாவிக்கத் தெரிந்தவராக இருந்தால் அவர் டிஜிட்டல் எழுத்தறிவு உள்ளவர். கணினி எழுத்தறிவை விளக்கும்போது, ஐந்து வயதுப் பிள்ளை கணினியில் ஒரு விளையாட்டு விளையாடினாலும் கணக்கில் சேரும் என்று உதாரணமும் தந்திருக்கிறார்கள். 2021 முதல் அரையாண்டுக்கு வெளியான கணக்கில் கணினி எழுத்தறிவு 34 விழுக்காட்டளவிலும் டிஜிட்டல் எழுத்தறிவு 57 விழுக்காட்டளவிலும் நின்றன. அந்த இரண்டுக்கும் இடையில் உள்ளவர்களில் பெரும்பாலானோர் போனை மட்டும் தொடத் தெரிந்தவர்கள். யூடியூபில் பாட்டுக் கேட்கிறவரும், அஸ்வெசும என்ற அரசின் நலன்புரிக் கொடுப்பனவுக்கு மேன்முறையீட்டை இணையத்தில் போடத் தெரிந்தவரும் அங்கே ஒரே ஆள்.

உலக அளவுகோல்களும் இப்படித்தான். கடந்த மூன்று மாதத்தில் எங்கிருந்தாவது ஒரு தரம் இணையத்தைத் தொட்டிருந்தால் அவர் 'பாவனையாளர்'. சிக்னல் எல்லைக்குள் குடியிருந்தால், போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் 'வலையமைப்பு வசதிக்குள் வாழ்பவர்'. நாடுகளை நாடுகளோடு ஒப்பிட இவை போதும். ஓர் ஊரில் படிவம் வாங்கும் மேசையை மூடலாமா என்று தீர்மானிக்கப் போதாது. நாட்டுக்கு நாடு ஒப்பிட வெட்டிய அளவுகோலைக் கொண்டுவந்து எங்கள் அம்மம்மாவின் வாசலில் வைத்திருக்கிறீர்கள். என் வழக்கு அவ்வளவுதான்.

சிக்னலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வரைபடத்தில் எங்கள் ஊர் நிறம் பூசப்பட்டுத்தான் இருக்கும், தொலைபேசி ரவர் (கோபுரம்) பிரதான வீதியில் நிற்கிறதல்லவா. நடுவில் காடு, பாலை, வீரை மரங்கள் அடர்ந்த காடு. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடிவிட்டு வாட்ஸ்அப்பிலும் சூமிலும் படிப்பு என்று சொன்னபோது, எங்கள் பிள்ளைகள் குளக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து படித்தார்கள். பெட்டையள் குடை பிடித்துக்கொண்டு, சின்னதுகள் அக்காமார் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு. ஆசிரியர்மார் வேலையிலிருந்து திரும்பிய பெற்றோரின் போனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் வகுப்பைப் பின்னேரம் வைத்தார்கள். ஐந்தரைக்குப் பிறகு குளத்துக்கு யானை தண்ணீருக்கு வரும். காவலுக்கு ஒருவர் யானை வெடியோடு நிற்க, பிள்ளைகள் கணக்குப் பாடம் எழுதினார்கள். ஒரு நாள் குட்டியோடு ஒரு யானை மறுகரையில் ஏறியதைக் கண்டு எல்லோரும் கொப்பிகளை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அதற்குப் பிறகு தாய்மார் பின்னேர வகுப்புக்கு விடவில்லை. 'சிக்னல் உண்டா' என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கிறது: உண்டு, குளக்கட்டில், காலை ஏழிலிருந்து பின்னேரம் ஐந்து வரை.

ஆண்டு 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர் வந்தபோது, லான்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) வைத்திருந்தவர்களின் கையில் இருந்தது பட்டன் போன். வாசிகசாலையில் இருக்கும் பழைய மடிக்கணினியில் நாங்கள்தான் பதிந்து கொடுத்தோம். அடுத்த ஆண்டு அஸ்வெசும: 22 சுட்டிகளால் ஏழ்மையை அளந்து, பட்டியல் வந்ததும் மேன்முறையீட்டை இணையத்தில் போடச் சொன்னார்கள். யாருடைய வாழ்வாதாரம் கேள்விக்குள்ளானதோ அவர்களுக்குத்தான் இணையம் எட்டவில்லை. இரவு பத்து மணி வரை வாசிகசாலையில் வரிசை. என்னிடம் அடையாள அட்டை இலக்கம், வங்கிப் புத்தகம், கடவுச்சொல் எல்லாவற்றையும் நம்பித் தந்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. இன்னொருவர் கையை நம்பித்தான் அரசாங்கத்தை அடைய முடியும் என்றால், அவரை 'இணைக்கப்பட்டவர்' என்று எப்படி எழுதலாம்?

அடுத்தது மொழி. தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து அரசகரும மொழி. ஆனால் விண்ணப்பப் பக்கங்களில் முதற்பக்கம் தமிழில் இருக்கும், இரண்டாம் பக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விடும், பிழை காட்டும் சிவப்பு வரி மட்டும் எப்போதும் ஆங்கிலத்தில் வரும். பிழை என்னவென்று தெரியாமல் எத்தனை பேர் கடைக்காரரிடம் திரும்ப ஓடியிருக்கிறார்கள். குறுஞ்செய்தியும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, யூனிகோட் தமிழில் 70தான். அதனால் தமிழில் அனுப்புவது நீளும், செலவும் கூடும். அனுப்பினாலும் சில பழைய பட்டன் போன்களில் வெறும் பெட்டி பெட்டியாகத் தெரியும். மழைக்காலத்தில் வந்த ஓர் எச்சரிக்கையை ஒரு ஐயா என்னிடம் கொண்டுவந்து காட்டினார், திரை முழுக்கப் பெட்டிகள். "இது என்ன தம்பி, போன் பழுதோ?" என்றார். போன் வைத்திருப்போர் கணக்கில் அவரும் ஒருவர்.

எண்ணப்படாமலே போகிறவர்களும் இருக்கிறார்கள். 69 வயதோடு கணக்கு நின்றுவிடுகிறது. வன்னியில் எழுபது தாண்டிய எத்தனையோ பெண்கள் தனியாக வீடு நடத்துகிறார்கள். போரில் பிள்ளைகளையும் கணவரையும் இழந்தவர்கள், முதியோர் கொடுப்பனவுக்கும் காணாமல் போனோர் பற்றிய கடிதங்களுக்கும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவர்கள். டிஜிட்டல் சேவை யாருக்கு முதலில் கதவைச் சாத்துமோ அவர்களை வரைவிலக்கணமே வெளியே விட்டுவிட்டது. போரில் செல் (எறிகணை) அடியில் விரல்களை இழந்தவர்கள், கண் போனவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். தொடுதிரை அவர்களுக்கு என்ன செய்யும் என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் கிராமத்தில் பாதிப் பேரின் பெற்றோர் தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். காட்டை வெட்டிக் குடியேறினார்கள். பலருக்கு இன்னும் காணி அனுமதிப்பத்திரம் இல்லை. கணினி எழுத்தறிவுக் கணக்கு நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்து வெளியாகிறது. தோட்டத்தில் இருக்கும் மலையக மக்களின் பின்தங்கல் அதில் தெரியும். தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள் 'கிராமம்' என்ற பெரிய பானைக்குள் கரைந்துவிடுகிறார்கள். மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு என்று 2023இல் நினைவுகூர்ந்தபோது, காட்டோரத்தில் இருக்கும் இவர்களை யார் நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆதிக்குடிகளின் நிலை இன்னும் மோசம். 2012 தொகைமதிப்பின் இனவாரி அட்டவணையில் வேடர் என்று தனி நிரலே இல்லை, 'ஏனையோர்' என்ற பெட்டிதான். வாகரை, வெருகல், மூதூர்ப் பக்கம் தமிழ் பேசும் வேடர்கள் வாழ்கிறார்கள். அளிக்கம்பையில் தெலுங்கு பேசும் குறவர் சமூகம் இருக்கிறது. இவர்களிடையே டிஜிட்டல் இடைவெளி எவ்வளவு என்று கேட்டால் எந்த அட்டவணையைப் புரட்டுவது? இந்தியாவில் பழங்குடி என்று ஒரு நிரல் இருப்பதால், 2011 கணக்கில் அவர்கள் மக்கள்தொகையில் 8.6 விழுக்காடு என்றாவது தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு பள்ளியில், மின்சாரத்தில், இணையத்தில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அரசாங்கத்தைக் கேட்க முடிகிறது. பெயர் போட்டு எண்ணினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த நிரல் இல்லாமல் கேள்வியையே கேட்க முடியாது.

மாவட்ட சராசரியும் இதே வேலையைத்தான் செய்கிறது. வவுனியா நகரில் பைபர் இணைப்போடு வகுப்பு நடத்தும் ரியூசன் நிலையமும், நெடுங்கேணிக் காட்டுக்குள் இருக்கும் வீடும் ஒரே மாவட்டம். முல்லைத்தீவு 2012இல் தொண்ணூறாயிரத்துச் சொச்சம் மக்கள் உள்ள மாவட்டம். மாதிரி எடுத்துச் செய்யும் கணக்கெடுப்பில் அதிலிருந்து எத்தனை காட்டோர வீடுகள் விழும்?

எண்ணாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. இங்கே கைத்தொலைபேசி பரவலாக வந்ததே மீள்குடியேறிய பிறகுதான். அது எங்களுக்குச் செய்த நன்மையை மறுக்க மாட்டேன். வெளிநாட்டிலிருக்கும் மகனின் முகத்தைத் தாய் பார்க்கிறாள், நெல் விலையை விவசாயி கேட்டறிகிறார். அரசுக்குக் கட்ட வேண்டிய காசை இணையத்தில் கட்டும் GovPay எங்கள் ஊருக்கும் வர வேண்டும், டிஜிட்டல் அடையாள அட்டையும் வரட்டும். ஆனால் எல்லாம் வந்துவிட்டது என்று எழுதிவிட்டு, கையிலிருந்த கடதாசியைப் பறிக்காதீர்கள்.

எனவே நான் கேட்பவை இவை.

முதலாவது, அவசரமானது: இணைய விண்ணப்பம் உள்ள ஒவ்வொரு சேவைக்கும் கடதாசிப் படிவம் தொடர வேண்டும். தமிழில், பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலரிடமும் கிடைக்க வேண்டும். 'வீட்டில் போன் உண்டு' என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து எந்த மேசையையும் மூட வேண்டாம் என்று எழுத்தில் சுற்றறிக்கை விடுங்கள். ஏற்கெனவே மூடியவற்றைத் திறவுங்கள்.

அடுத்த கணக்கெடுப்பின் கேள்விக்கொத்தை மாற்றுங்கள். போன் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல் அது யாருடையது, பகலில் யாரிடம் இருக்கிறது, எத்தனை பேர் பங்கிடுகிறார்கள், டேட்டா மாதத்தில் எத்தனை நாள் இருக்கிறது என்று கேளுங்கள். சிக்னலை வீட்டுக்குள் நின்று, பின்னேரம் ஏழு மணிக்கு அளவிடுங்கள், அளந்ததைப் பதியுங்கள். 'பாவிக்கத் தெரியுமா' என்று வாயால் கேட்பதற்குப் பதிலாக ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள்: தமிழ்ப் படிவம் ஒன்றைத் திறந்து, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அடித்து, ஓ.டி.பி போட்டு அனுப்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால் எந்த இடத்தில் நின்றார்கள் என்று எழுதுங்கள். கடைசியாக ஓர் இணைய விண்ணப்பம் போட எத்தனை நாளும் எவ்வளவு காசும் போனது என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் ஒரு வீட்டுக்கு இன்னும் கால் மணி நேரம் செல்லும். அதற்கு ஆள் பலம் வேண்டுமென்றால் எங்கள் ஊர்களிலேயே உயர்தரம் முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் பிள்ளைகளைப் பயிற்றுவித்து எடுங்கள். வளையில் தொங்கும் பையை அவர்கள் பார்த்தவுடனே கண்டுகொள்வார்கள்.

வயதெல்லை 69ஐ எடுத்துவிடுங்கள், மாற்றுத்திறனை ஒரு கேள்வியாகச் சேருங்கள். தன்னை வேடர் என்றோ, குறவர் என்றோ, மலையகத் தமிழர் என்றோ சொல்லிக்கொள்ள விரும்புகிறவர் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் அதைப் பதியும் நிரல் வேண்டும், கட்டாயமில்லாமல், அவர்களின் விருப்பப்படி. முடிவுகளைக் கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில், ஆட்களை அடையாளம் காண முடியாதபடி, தமிழிலும் வெளியிடுங்கள். தொலைபேசிக் கோபுரம் எட்டும் இடங்களைக் காட்டும் வரைபடங்களையும் அதே மட்டத்தில் தாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒவ்வொரு கிராமமும் தனித்தனியே விண்ணப்பம் எழுதித்தான் பெற வேண்டும் என்ற நிலைக்கு விடாதீர்கள்.

முடிவெடுப்பதற்கு முன் உங்களில் ஒருவராவது இங்கே வந்து ஒரு பின்னேரம் தங்குங்கள். வாசிகசாலையில் இடம் இருக்கிறது. உங்கள் சேவைகளில் எதையாவது ஒன்றை, நீங்களே, எங்கள் போன் ஒன்றில், அந்த விறாந்தையில் நின்று செய்து பாருங்கள்.

இந்த மடலுக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் எனக்குக் கிடைக்கும். ஆனால் இது என் ஒருவனுடைய கேள்வி இல்லை. அதனால் தமிழில், கடதாசியில், கிராம அலுவலர் வழியாக அனுப்புங்கள். வாசிகசாலைப் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வாசிகசாலைப் பொறுப்பாளர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்